மூன்று நிமிடத் தாய்

கப்பலூருக்குக் காட்டு முயல் பழசு, கூண்டு முயல் புதுசு. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பருத்திச் செடிகளுக்கு நடுவே குதித்தோடுகிற காட்டு முயலை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் அறிவார்கள். வெள்ளை முயல் வந்தது ஊர் மாறத் தொடங்கிய பிறகு. தியாகராசர் ஆலை, சிட்கோ தொழிற்பேட்டை, ரிங் ரோடு, டோல்கேட் என்று ஒவ்வொன்றாக வந்து, கொல்லை வைத்த வீடுகள் குறைந்து, வரிசை வீடுகளும் மாடிக் குடித்தனங்களும் பெருகின. மாடு கட்ட இடமில்லை. ஆடு கட்டினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். நாய் குரைத்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. சத்தம் போடாமல், மாடிப்படிக்கு அடியில் அடங்கி, அருகம்புல்லும் முட்டைக்கோஸ் தழையும் தின்று உயிர்வாழ்கிற ஒரு பிராணி பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது. முயல் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. அது வந்த பல வீடுகளில், யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு காலையில், கூண்டுக்குள் குட்டிகளும் வந்தன. அந்தக் குட்டிகளில் பிழைத்தவை குறைவு. அவை ஏன் பிழைக்கவில்லை என்று இத்தனை காலம் கழித்து யோசித்தால், கவனிப்புக் குறைந்து செத்ததைவிட, கவனிப்பு மிதமிஞ்சிச் செத்ததே அதிகம் என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. தாய் முயலை நம்பாமல் பால் புட்டியை நம்பினோம். கோளாறு அங்கேதான்.

எதிர்பாராத குட்டிகள் என்று சொல்கிறோமே தவிர, முயலின் உடம்பை அறிந்தவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவார். ஒத்தையாக வளர்த்தால் ஏங்கிச் செத்துப்போகும் என்பார். அதில் பாதி உண்மை உண்டு. முயல் கூட்டமாக வாழ்கிற பிராணிதான். “குட்டி கிட்டி போட்றாதுல்லண்ணே?” என்று கேட்டால், “ரெண்டுமே பொட்டைதான்க்கா, பயப்படாதீங்க” என்று பதில் வரும். அவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றரை, இரண்டு மாதக் குட்டியில் ஆண் எது, பெண் எது என்று பிரித்துச் சொல்வது பழகிய கைக்கே சிரமம். ஆண் முயலுக்கு விதை இறங்கி வெளியே தெரிய 10 முதல் 12 வாரம் ஆகும். அதற்கு வெகு முன்பே அது விலைபோயிருக்கும். சிறிய இனங்கள் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும்; பெரிய இனங்களுக்கு ஐந்தாறு மாதம். ஆடு மாடுகளைப் போல நாள் கணக்கில் சூடு வருவது முயலுக்கு இல்லை. இணை சேர்ந்த பிறகுதான், ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்து, கருமுட்டை வெளியாகும். ஆகவே சேர்ந்தால் பெரும்பாலும் சினைதான். சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக. வயிறு பெருத்திருப்பதை அடர்ந்த ரோமம் மறைத்துவிடும். கடைசி நேரத்தில் வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலையும். நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கிற ரோமத்தைத் தானே பிடுங்கிப் போடும். வீட்டில் அதைச் சொறி என்று எண்ணி வேப்பெண்ணெய் தடவுவார்கள்.

விடிந்து பார்த்தால் மூலையில் ஒரு ரோமக் குவியல் தானாக அசைந்துகொண்டிருக்கும். விலக்கினால் ஐந்தோ எட்டோ குட்டிகள். ஒவ்வொன்றும் 50 கிராம் தேறினால் பெரிது. மயிரில்லாத இளஞ்சிவப்புத் தோல், ஒட்டிய கண், அடைத்த காது. காட்டு முயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சீக்கிரமே ஓடத் தொடங்குகிற ஜாதி. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை குறைப்பிரசவம் போலத்தான் படும். ஆனால் இவை நிறைமாதக் குட்டிகளே. காட்டு முயல் வேறு இனம். நம் கூண்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்து வளைகள். வளைக்குள் பிறக்கிறவற்றுக்குப் பிறந்தவுடன் கண் எதற்கு? இதைவிடப் பெரிய அதிர்ச்சி தாயின் போக்கு. அது எதிர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருக்கும். பகல் முழுதும் குட்டிகள் பக்கம் திரும்பாது. நக்காது, அணைத்துப் படுக்காது, பால் கொடுக்காது. பொழுது சாய்வதற்குள் தெருவே கூடித் தீர்ப்புச் சொல்லிவிடும்: தாய் சேர்க்கவில்லை.

இந்தத் தீர்ப்பு முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன திருமங்கலம் பக்கத்தில் இருக்கிற ஊர் இது. வெள்ளாடு ஈன்றால் அரை மணி, ஒரு மணிக்குள் குட்டி எழுந்து மடியைத் தேடும். தேடாவிட்டால் பிடித்து ஊட்டிவிட வேண்டும். சீம்பால் உள்ளே போகாத குட்டி தேறாது என்பது ஆடு வளர்க்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்து அடைகாக்கும். நாய் குட்டிகளை விட்டு நகராது. பூனை வாயில் கவ்விக்கொண்டு வீடு வீடாக மாற்றும். தலைமுறைகளாகச் சேர்ந்த இந்த அறிவு அத்தனையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கிறது: குட்டியின் பக்கத்தில் இருப்பவளே தாய். ஆட்டுக்கும் நாய்க்கும் அது பொருந்தும். முயலுக்குப் பொருந்தாது. சீம்பால் விஷயத்தில்கூட முயல் வேறு வழி வைத்திருக்கிறது. நோயெதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதியைத் தாய் வயிற்றுக்குள் இருக்கும்போதே குட்டிக்குக் கடத்திவிடுகிறது, மனிதரில் நடப்பதைப் போல. முதல் சில மணி நேரம் பால் குடிக்காத ஆட்டுக்குட்டிக்கு நேர்வது முயல்குட்டிக்கு நேராது.

முயல் நாளைக்கு எத்தனை முறை பால் கொடுக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்து அறுபது ஆண்டு ஆகிறது. 1965ல் சாரோ என்பவரும் அவருடைய சகாக்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: நாளுக்கு ஒரே முறை. அதுவும் மூன்று, நான்கு நிமிடம்தான். பின்னால் வந்தவர்கள் சில தாய்கள் இரண்டாம் முறையும் போவதைக் கண்டார்கள். அதற்கு மேல் போவது அரிது. பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலுக்கு முன்போ நடப்பதால் மனிதர் கண்ணில் படுவதில்லை. கூண்டு முயலின் பூர்வீக இனம் காட்டில் இன்னும் ஒரு படி மேலே போகும். குட்டிகளுக்கென்று தனியாக ஒரு குட்டை வளை தோண்டி, பால் கொடுத்து முடித்ததும் வாயை மண்ணால் மூடி, மேலே புல்லையும் தள்ளிவிட்டு, மறுநாள் வரை அந்தப் பக்கமே போகாது. நரிக்கும் கீரிக்கும் வழிகாட்டுவது தாயின் உடம்பு வாடைதான். வாடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குட்டிக்கு நல்லது. எதிர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சை உடம்புக்காரி குட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நாம் அதைக் கைவிட்டதாக வாசித்துவிடுகிறோம்.

குட்டிகளும் இந்த ஏற்பாட்டுக்குத் தக்கபடியே பிறக்கின்றன. தாய் வரும் நேரம் நெருங்கும்போது, ரோமத்துக்கு அடியில் சுருண்டு கிடந்தவை மெல்ல மேலே ஏறி வந்து காத்திருக்கும். கண் தெரியாது, காது கேட்காது. மூக்கு மட்டும் வேலை செய்யும். தாயின் பாலிலிருந்து எழும் ஒரு குறிப்பிட்ட வாடைதான் அவற்றைக் காம்புக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்த வேதிப்பொருள் எது என்று பிரான்சின் தீஜோன் நகரத்து ஆய்வாளர் பெனுவா ஷால் குழுவினர் 2003ல் கண்டுபிடித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். வாடை பட்டதும் குட்டி நொடிகளில் காம்பைப் பற்றுகிறது, ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுகிறது, மூன்று நிமிடத்துக்குள் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்குப் பாலைக் குடித்துவிடுகிறது. தாய் எழுந்து போனதும் எல்லாம் ஒரே சமயத்தில் சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த ரோமத்துக்கு அடியில் மறுபடி புகுந்துகொள்ளும். போகிறபோது தாய் சில புழுக்கைகளையும் கூட்டில் விட்டுப் போகும். நாள் ஆக ஆகக் குட்டிகள் அவற்றைக் கொறித்து, குடலுக்குத் தேவையான நுண்ணுயிர்களைப் பெற்றுக்கொள்ளும். சுத்தம் செய்கிறேன் என்று அதையும் பெருக்கித் தள்ளுகிறவர்கள் உண்டு.

இப்போது பால் புட்டிக்கு வருவோம். வழக்கமாக நடப்பது இதுதான். பசும்பாலைத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்து, மை ஊற்றுகிற ஃபில்லரிலோ மருந்துக்கடை சிரிஞ்சிலோ எடுத்து, குட்டியை மல்லாத்திப் பிடித்து வாயில் விடுவார்கள். இதில் தவறு ஒன்றல்ல. முயல் பாலில் புரதம் பத்து சதவீதத்துக்கு மேல், கொழுப்பு அதையும் விடச் சற்றுக் கூட, சர்க்கரை மிகக் குறைவு. பசும்பாலில் புரதமும் கொழுப்பும் மூன்று, நான்கு சதவீதம், சர்க்கரைதான் அதிகம். அதில் தண்ணீரையும் கலந்துவிட்டால் குட்டிக்குக் கிடைப்பது இனிப்புத் தண்ணீர். வயிறு ஊதும், கழியும். மல்லாந்த குட்டிக்கு விடுகிற பால் மூக்கில் ஏறி நுரையீரலுக்குள் போய்விடும்; மூக்கு நுனியில் பால் குமிழி தெரிந்தால் அநேகமாக அந்தக் குட்டி இரண்டு நாள் தாங்காது. முயல் பால் குட்டியின் இரைப்பையில் சேரும்போது கிருமிகளைக் கொல்லும் கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. வேறு பாலில் வளரும் குட்டிக்கு அந்தக் காவல் இல்லை. கழிச்சலை நிறுத்த, பிள்ளைகளுக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை ஊற்றுவது கடைசிக் கட்டம். வாய் வழியாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் முயல் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, வளர்ந்த முயலையே கொன்றுவிடக் கூடியவை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, “நாங்களும் எவ்வளவோ பார்த்தோம், தாய் சேர்க்காத குட்டி நிக்குமா” என்று தீர்ப்பு தாயின் தலையிலேயே விழும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எதிலும் கை வைக்காதே, தாய் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது அலட்சியத்துக்குச் சூட்டுகிற நல்ல பெயர்தானே? காட்டில் தாய் வளை தோண்டிக்கொள்ளும். கம்பிக்கூட்டில் எதைத் தோண்டும்? நியாயமான கேள்வி. பால் கொடுக்கிற வேலை மட்டும்தான் தாயினுடையது. வளையாக இருக்கிற வேலை நம்முடையது. பண்ணைகளில் குட்டி ஈனும் பெட்டி என்று வைப்பார்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு மரப்பெட்டி. தாய் தாவி ஏறக்கூடிய, குட்டி தவழ்ந்து வெளியேற முடியாத உயரத்துக்கு முன்பக்க விளிம்பு. பழக்கடை மரப்பெட்டியே போதும். அடியில் உலர்ந்த வைக்கோல், அதன் மேல் தாய் பிடுங்கிய ரோமம் முழுவதும். கூண்டின் கம்பித் தரையில் பிறந்த குட்டிகளை எடுத்து இந்தப் பெட்டிக்குள் சேர்த்து, செத்ததையும் நஞ்சுத் துணுக்குகளையும் அகற்றி, ரோமத்தால் மூடிவிட வேண்டும். தாய்க்குப் பக்கத்திலேயே நிறையத் தண்ணீர். ஈன்ற முயல் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அதில் குறை வைத்தால் பால் வற்றும். முதல் நாள் வேலை இவ்வளவுதான், ஆனால் இதில் எதையும் விட முடியாது.

குட்டியைத் தொட்டால் மனித வாடை பட்டுவிடும், தாய் கடித்துப் போட்டுவிடும் என்று பயந்து பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவே அஞ்சுகிறவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். வளர்ப்பு முயல் விஷயத்தில் இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. நாள்தோறும் புல் போடுகிற கையின் வாடை அதற்குப் பழக்கம். பண்ணையாட்கள் தினமும் குட்டிகளை எண்ணித் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடாமல் இருப்பதுதான் ஆபத்து. ஏனென்றால் பூனையைப் போலக் குட்டியைக் கவ்வித் தூக்க முயலுக்குத் தெரியாது. பால் குடித்துக்கொண்டிருக்கும்போது தாய் சட்டென்று தாவினால், காம்பை விடாத குட்டி தொங்கிக்கொண்டே வெளியே வந்து விழும். விழுந்த குட்டியைத் தாய் திரும்பிப் பார்க்காது. அது காலைக்குள் விறைத்துவிடும். அப்படிக் கிடப்பதைக் கண்டால் உள்ளங்கைகளுக்குள் பொத்தியோ உடம்போடு சேர்த்தோ வெதுவெதுப்பாக்கி, அது நெளியத் தொடங்கியதும் மற்றவற்றின் நடுவே வைக்க வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது. முதலில் சூடு, பாலை ராத்திரி தாய் கொடுக்கும்.

சூட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முயல் வளர்ப்புக் குறிப்புகளில் பாதி குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. வெந்நீர்ப் பை வை, விளக்குப் போடு, கம்பளியால் சுற்று என்று அவை சொல்லும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வளர்கிற முயல்களுக்கு அந்த அறிவுரை பொருந்தும். கப்பலூரில் சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது, தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே குட்டிகளுக்கு 60 வாட்ஸ் பல்பு எரிய விடுவது வேகவைப்பதற்குச் சமம். 35 டிகிரிக்கு மேல் வளர்ந்த முயலே திணறும். அதற்கு வியர்வை இல்லை, சூட்டை வெளியேற்றப் பெரும்பாலும் காதுதான் வழி. குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து கிடந்தால் அவற்றுக்குக் குளிர்கிறது. பெட்டி முழுக்க விலகிப் பரந்து, தோல் சிவந்து கிடந்தால் வெந்துகொண்டிருக்கின்றன. தெர்மாமீட்டரைவிட இது நம்பகமானது. வெயில் காலத்தில் ரோமத்தைக் கொஞ்சம் குறைத்து, பெட்டியை மொட்டை மாடியிலிருந்து இறக்கி, வீட்டுக்குள் சிமெண்ட் தரையில், காற்று வருகிற நிழலில் வைக்க வேண்டும். கூண்டின் மேல் ஈரச் சாக்கு போடலாம். பெட்டிக்குள் ஈரம் ஆகாது.

அடுத்த எதிரி எறும்பு. பால் வாடைக்கும் நஞ்சின் வாடைக்கும் சுள்ளெறும்பு ஒரே இரவில் சாரை கட்டிவிடும். ரோமம் மூடாத குட்டிக்கு அதைவிடக் கொடுமை இல்லை. எறும்பு சாக்பீஸ் போடுவது பூச்சிமருந்தைக் குட்டியின் படுக்கைக்குப் பக்கத்தில் தடவுவதுதான். மளிகைச் சாமான் அலமாரிக்கு நம் வீடுகளில் செய்வதையே இங்கும் செய்யலாம்: கூண்டின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது. பூனை, பெருச்சாளி, சாரைப்பாம்பு ஆகியவற்றுக்கு நெருக்கமான கம்பிவலையைத் தவிர வேறு வழியில்லை. கோழிக்குப் போடுகிற அறுகோண வலைக்குள் பாம்பு சுலபமாக நுழையும்.

இன்னொரு மறுப்பு: சில தாய்கள் குட்டியைத் தின்றே விடுகின்றனவே, அவற்றை எப்படி நம்புவது? தின்பது உண்மை. ஆனால் எல்லாத் தின்னலும் ஒன்றல்ல. நஞ்சைத் தின்பது இயல்பு. செத்துப் பிறந்த குட்டியையும் அதோடு சேர்த்துத் தின்பதுண்டு. உயிருள்ள குட்டிக்குக் காயம் நேர்வது பெரும்பாலும் முதல் ஈற்றில், அதுவும் தண்ணீர் இல்லாதபோதும், நாய் கூண்டைச் சுற்றும்போதும், தெருப்பிள்ளைகள் அரை மணிக்கு ஒருதரம் பெட்டியைத் திறந்து காட்டும்போதும். முதல் ஈற்றில் சில தாய்கள் கூடே கட்டாமல் கம்பிமேல் ஈன்று தவறவிடுவதும் உண்மை. அதே முயல் அடுத்த ஈற்றில் ஒழுங்காகச் செய்யும். மனிதன் கையில் வளர்ந்து வளர்ந்து முயலுக்குத் தாய்மைக் குணம் மழுங்கிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. நாய் மனிதனோடு சேர்ந்து பத்தாயிரம் ஆண்டுக்கு மேல். முயல் கூண்டுக்கு வந்து அதில் சிறு பங்கு காலம்தான். அதன் நிறமும் எடையும் மாறியிருக்கின்றன. பால் கொடுக்கும் நேரம் மாறவில்லை.

தாய் செத்துவிட்டால்? அல்லது உண்மையிலேயே பால் இல்லாவிட்டால்? அப்போது புட்டியை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். காலையில் குட்டியைத் திருப்பி வயிற்றைப் பார்த்தால் போதும். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு இறுகியிருக்கும். மெல்லிய தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காத குட்டியின் தோல் தளர்ந்து சுருங்கி, வயிறு ஒட்டியிருக்கும். நகைக்கடைத் தராசு மாதிரியான சிறிய மின்தராசு ஒன்று இருந்தால் நாள்தோறும் எடை போடலாம். நன்றாகக் குடிக்கிற குட்டி ஒரு வாரத்தில் எடை இரட்டிக்கும். இரண்டு காலை தொடர்ந்து எல்லாக் குட்டிகளின் வயிறும் ஒட்டியிருந்தால்தான் தாயிடம் கோளாறு. ஒன்றிரண்டு மட்டும் ஒட்டியிருந்தால், பெரிய குட்டிகளை வேறொரு சிறு பெட்டியில் சற்று நேரம் வைத்துவிட்டு, சின்னவற்றை முதலில் தாயிடம் குடிக்கவிடலாம். அதே வாரத்தில் ஈன்ற வேறொரு முயல் அக்கம்பக்கத்தில் இருந்தால் அதனிடம் சேர்ப்பது புட்டியைவிட நூறு மடங்கு மேல். முயல் தன் குட்டி, பிறர் குட்டி என்று அதிகம் பார்ப்பதில்லை. எதுவும் இல்லாதபோது பூனைக்குட்டிக்கு விற்கிற பால்மாவு, கிடைக்காவிட்டால் ஆட்டுப்பால். குட்டியை நிமிர்த்திப் பிடித்து, துளித்துளியாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அப்படியும் பல குட்டிகள் தங்காது என்பதைச் சொல்லிவிடுவதே நேர்மை. திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கப்பலூருக்கு அதிக தூரமில்லை. மருந்துக்கடையில் நோய் சொல்லி மருந்து வாங்குவதைவிட அங்கே கேட்பது மேல்.

நாலாம், ஐந்தாம் நாள் ரோமம் முளைக்கும்; பத்தாம் நாளை ஒட்டிக் கண் திறக்கும்; மூன்றாவது வாரம் பெட்டியை விட்டுத் தாவி வெளியே வந்து தாயின் தீனியைக் கொறிக்கும். இந்தக் கட்டத்தில் வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கோ இங்கேதான் கவலை தொடங்குகிறது. பிறந்த குட்டிகள்மேல் பொழிந்த பாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆண் முயல் எங்கே இருக்கிறது என்ற கேள்விமேல் விழுவதில்லை. ஈன்ற அன்றே முயல் மறுபடி சினைபிடிக்கும். தகப்பனை அதே கூண்டில் விட்டிருந்தால், இந்தக் குட்டிகள் பால் மறக்கும் முன்பே அடுத்த ஈற்று வந்து நிற்கும்; இதற்குப் பால் கொடுத்துக்கொண்டே அதைச் சுமக்கிற தாயின் எலும்புதான் மிஞ்சும். 1202ல் இத்தாலியின் பிபோனாச்சி முயல் கணக்குப் போட்டபோது, ஒரு ஜோடி மாதத்துக்கு ஒரு ஜோடிதான் ஈனும் என்று வைத்துக்கொண்டார். கப்பலூர் மாடிப்படிக் கூண்டு அவருடைய கணக்கை எளிதில் தோற்கடிக்கும். இரக்கத்தை எங்கே செலவிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி என்றால், குட்டி வாயில் பால் விடுவதைவிட, அன்றைக்கே தகப்பனைத் தனிக் கூண்டுக்கு மாற்றுவது பெரிய இரக்கம்.

பெருகிய குட்டிகள் எங்கே போகின்றன என்பதையும் பேசாமல் விட முடியாது. முயல் இறைச்சிக்கும் வளர்க்கப்படுகிற பிராணி. அதைச் சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பேர் வைத்து வளர்த்ததை அப்படிக் கொடுக்க மனம் வராதவர்கள் செய்கிற இன்னொரு காரியம்தான் மோசம்: கண்மாய்க் கரையிலோ நாகமலை அடிவாரத்திலோ விட்டுவிட்டு, சுதந்திரமாக இருக்கட்டும் என்று திரும்பிவிடுவது. வெள்ளை நிறம், பதுங்கத் தெரியாத பழக்கம். நாயும் பருந்தும் அதை ஒரு பகல் விட்டுவைக்காது. தப்பிப் பிழைத்துப் பெருகினால் அதுவும் நல்லதல்ல. 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காகத் தன் பண்ணையில் விட்ட சில முயல்களிலிருந்து ஆஸ்திரேலியா இன்றுவரை மீளவில்லை. பிள்ளைகளின் பள்ளித் தோழர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்கலாம், எட்டு வாரம் ஆன பிறகு. ஆறு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்த குட்டி புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கழிந்து சாவதைத் தெருக்கள்தோறும் பார்க்கலாம். கடைகளுக்குத் திருப்பி விற்பவர்களும் உண்டு. வளர்ப்புப் பிராணிக் கடைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2018ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முயல் வாங்கப் போகிறவர்களுக்கும், ஏற்கெனவே ஜோடி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய் ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள். அதுவரை தனித்தனிக் கூண்டு, பக்கத்துப் பக்கத்தில். ஆண் இருந்தால் கருத்தடை செய்ய முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். பெண்ணுக்குச் செய்வதைவிட அது சிறிய அறுவை. செய்த அன்றே கொண்டுவந்து பெண்ணோடு விட்டுவிட வேண்டாம். அதற்குப் பிறகும் நாலு முதல் ஆறு வாரம் வரை அந்த ஆணால் சினைப்படுத்த முடியும்.